அச்சம் தணிந்த பிறகும் நிற்கும் சட்டம்

அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நான்காகச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. கடைசியாக வரும் 'இறை' என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் அரசனையும் சேர்த்தே பொருள் கொள்கிறார்கள். பேயும் புலியும் திருடனும் நிற்கும் வரிசையிலேயே நாட்டை ஆள்பவனும் நிற்கிறான். பல நூற்றாண்டுகள் கழித்து, சேக்கிழாரின் மனுநீதிச் சோழன் தன் அமைச்சர்களிடம், குடிகளுக்கு நேரக்கூடிய ஐந்து பயங்களைத் தீர்ப்பவனே காவலன் என்கிறான். பகைவர், கள்வர், பிற உயிர்கள் என்று நீளும் அந்தப் பட்டியல் அரசனாகிய தன்னிடமிருந்துதான் தொடங்குகிறது. இரண்டாவதாக வருபவர்கள் அவனுடைய ஆட்கள்.

காக்கும் பொறுப்புள்ளவனே அச்சத்தின் ஊற்றாகவும் இருக்க முடியும் என்ற இந்த அறிவு பழையது. இதிலிருந்து எழும் கேள்விக்கு மட்டும் இன்றுவரை ஒரே விடை கிடைக்கவில்லை. மக்களின் அச்சத்தை அரசுகள் உண்டாக்குகின்றனவா, இருக்கும் அச்சத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றனவா, அல்லது மக்களோடு சேர்ந்து தாங்களும் அஞ்சுகின்றனவா? இதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான விடைகளையும் அவற்றின் குறைகளையும், இந்தியா, இலங்கை, பிரிட்டன் ஆகிய நாடுகளின் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றோடு வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

அச்சத்தின் மேல் எழுந்த அரசு

ஆங்கிலேய உள்நாட்டுப் போரின் காலத்தில் எழுதிய தாமஸ் ஹாப்ஸுக்கு அச்சம் வெட்கப்பட வேண்டிய ஒன்றாகத் தோன்றவில்லை. 1651-இல் வெளிவந்த 'லெவியத்தான்' நூலில், ஒருவரை ஒருவர் கொல்லக்கூடும் என்ற பயம்தான் மனிதர்களை ஒரு பொது அதிகாரத்துக்குக் கட்டுப்பட வைக்கிறது என்று அவர் வாதிட்டார். இந்தப் பார்வையில் அச்சம் அரசின் கையிலுள்ள கருவி என்பதைவிட, அரசு நிற்கும் அடித்தளம்.

இதன் பலவீனத்தை அடுத்த தலைமுறையிலேயே ஜான் லாக் தொட்டுக் காட்டினார். அண்டை வீட்டுக்காரனிடமிருந்து தப்பிக்க எல்லையில்லா அதிகாரத்தை ஒருவனிடம் ஒப்படைப்பது, நரிக்குப் பயந்து சிங்கத்தின் வாயில் புகுவதற்குச் சமம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஹாப்ஸின் கணக்கில் 'இறை' என்ற நான்காவது ஊற்றுக்குப் போதிய இடமில்லை.

மாந்தெஸ்கியு 1748-இல் வேறொரு வழியில் போனார். குடியரசை இயக்குவது பொதுநலப் பற்று, முடியாட்சியை இயக்குவது மானம், கொடுங்கோலாட்சியை இயக்குவது மட்டுமே அச்சம் என்று அவர் வகுத்தார். கொடுங்கோலாட்சிக்கு எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் துருக்கி, பாரசீகம் போன்ற கீழை நாடுகளில் தேடினார். இந்தப் பிரிப்பு ஒரு நீண்ட தவறுக்கு வழிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. அச்சம் சர்வாதிகாரியின் ஆயுதம், தேர்தலும் நீதிமன்றமும் உள்ள நாட்டில் அதற்கு வேலையில்லை என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. ஆனால் கீழே வரும் சட்டங்களில் பெரும்பாலானவை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் முறைப்படி நிறைவேறியவை.

இட்டுக்கட்டிய அச்சம்

அரசு பயத்தைத் தானே தயாரிக்கிறது என்பது பொதுமக்களிடம் அதிகம் புழங்கும் விடை. இதற்கு அர்த்தசாத்திரத்திலேயே சான்று உண்டு. கருவூலம் வற்றும்போது, மரத்தில் நரபலி கேட்கும் அரக்கன் இருப்பதாக ஒற்றர்களை வைத்துக் காட்டி, அதை விரட்டுவதாகச் சொல்லி நகரத்தாரிடம் பொன் பெறலாம் என்று கௌடில்யர் வழி சொல்கிறார்.

நவீன காலத்தில் இந்த வாதத்துக்கு ஆதாரமாக வழக்கமாகக் காட்டப்படுவது 1964 ஆகஸ்டு மாத டோங்கின் வளைகுடா நிகழ்வு. ஆகஸ்டு 2 அன்று அமெரிக்கக் கப்பல் தாக்கப்பட்டது உண்மை. ஆகஸ்டு 4 அன்று நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாம் தாக்குதல் நடக்கவேயில்லை என்பது பின்னாளில் வெளியான அரசு ஆவணங்களிலேயே தெரியவந்தது. இருந்தும் ஆகஸ்டு 7 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அதிபருக்கு வழங்கிவிட்டது. எதிர்த்து வாக்களித்தவர்கள் மேலவையில் இருவர் மட்டுமே. 2003-இல் ஈராக்கில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்களும் கிடைக்கவில்லை.

ஆயினும் இந்த விடை நம்மை நெடுந்தூரம் கொண்டுபோவதில்லை. இதற்கு மிகப் பெரிய சான்றாகக் கருதப்படும் ஜெர்மனி நாடாளுமன்றக் கட்டடத் தீயையே எடுத்துக்கொள்ளலாம். 1933 பிப்ரவரி 27 இரவு கட்டடம் எரிந்தது. மறுநாளே அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஆணை வந்தது. தீ வைத்தது நாஜிகளே என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. ஃபிரிட்ஸ் டோபியாஸின் ஆய்வுக்குப் பிறகு, டச்சு இளைஞர் வான் டெர் லுபே தனியாளாகச் செய்தார் என்ற முடிவுக்குப் பல வரலாற்றாசிரியர்கள் வந்தார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. யார் தீ வைத்திருந்தாலும், அந்த ஆணை 1945-இல் ஆட்சி வீழும்வரை நடப்பில் இருந்தது. தீயை மூட்டியவரைத் தேடுவதிலேயே நம் கவனம் முழுவதும் போய்விட்டால், மறுநாள் கையெழுத்தான தாள் கண்ணில் படாமல் போகும்.

மேலும், பெரும்பாலான நேரங்களில் ஆபத்து உண்மையானது. மும்பையில் 1993-இல் 257 பேரும் 2008-இல் 166 பேரும் கொல்லப்பட்டது கற்பனை அல்ல. அந்த அச்சத்தைப் 'போலி' என்று சொல்வது இறந்தவர்களின் குடும்பங்களுக்குச் செய்யும் அநீதி.

கணக்கில் பிசகும் மனம்

உளவியலாளர்கள் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். எளிதில் நினைவுக்கு வரும் ஆபத்தையே மனம் பெரிதாகக் கணிக்கிறது என்று ட்வெர்ஸ்கியும் கானமனும் 1970-களில் காட்டினார்கள். புரியாத, கட்டுப்படுத்த முடியாத, ஒரே நேரத்தில் பலரைக் கொல்லும் ஆபத்துகளுக்கு மனிதர்கள் கூடுதலாக அஞ்சுகிறார்கள் என்று பால் ஸ்லோவிக் 1987-இல் எழுதினார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் விமானத்துக்குப் பயந்து காரில் போன அமெரிக்கர்களில், ஓராண்டில் ஏறக்குறைய 1,500 பேர் கூடுதலாகச் சாலை விபத்துகளில் இறந்தார்கள் என்பது கெர்டு கிகெரென்சரின் மதிப்பீடு. இந்தியச் சாலைகளில் 2022-இல் மட்டும் 1,68,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்காக எவரும் நள்ளிரவில் அவசரச் சட்டம் கொண்டுவரவில்லை.

இந்த அணுகுமுறை அரசை எளிதாக விடுவித்துவிடுகிறது. மக்கள் தவறாக அஞ்சுகிறார்கள், அரசு அவர்கள் பின்னால் போகிறது என்றாகிவிடுகிறது. அறிவியலாளர்களின் எண்ணிக்கையில் அடங்காத ஒன்றும் இங்கே உண்டு. சாலையில் இறப்பவரை யாரும் குறிவைப்பதில்லை; குண்டு வைப்பவன் குறிவைக்கிறான். அந்த வேறுபாட்டை மக்கள் உணர்வது மடமை ஆகாது. எந்த அச்சத்துக்குச் சட்டம் கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வியும் இதில் அப்படியே நிற்கிறது. தொழிற்சாலை நச்சுக் காற்றுக்கு அஞ்சும் ஊரும், மழைக்காலத்தில் குடிசைக்கு அஞ்சும் குடும்பமும் அரசுக்கு ஏன் கேட்பதில்லை?

யார் சொன்னால் ஆபத்து?

அந்தக் கேள்வியைப் பாதியளவு தொட்டவர்கள் பாரி புஸான், ஓலே வேவர் உள்ளிட்ட கோபன்ஹேகன் ஆய்வாளர்கள். ஒரு பிரச்சினை தானாகப் பாதுகாப்புப் பிரச்சினை ஆவதில்லை. அதிகாரமுள்ள ஒருவர் 'இது நம் உயிர் பற்றிய விஷயம்' என்று அறிவித்து, கேட்பவர்கள் அதை ஒப்புக்கொண்ட பிறகே ஆகிறது. அப்படி ஆனதும் வழக்கமான விதிகள் ஒதுங்கி வழிவிடுகின்றன என்பது 1998-இல் வெளிவந்த அவர்களுடைய நூலின் வாதம். ஆபத்து மெய்யா பொய்யா என்ற முடிவில்லாத தகராறை விட்டு, அந்த அறிவிப்பு என்ன செய்கிறது என்று பார்க்க இது வழி தந்தது.

லேனே ஹான்சென் 2000-இல் இதன் பெரிய ஓட்டையைக் காட்டினார். பேசினாலே ஆபத்து கூடும் நிலையில் இருப்பவர்களின் அச்சம் இந்தக் கோட்பாட்டில் பதிவாகவே செய்யாது. சொந்த வீட்டுக்குள் உயிருக்கு அஞ்சும் பெண்ணும், காவல் நிலையத்துக்கு அஞ்சும் சிறுபான்மையினரும் மேடையேறி அறிவிக்க முடியாதவர்கள்.

ஜூடித் ஷ்கிலார் அவர்கள் பக்கத்திலிருந்துதான் எழுதினார். ரீகா நகரின் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் அங்கிருந்து தப்பி ஓடியவர் அவர். அரசின் கொடுமைக்கு அஞ்சாமல் வாழ முடிவதே சுதந்திர அரசியலின் முதல் தேவை என்று 1989-இல் எழுதினார். கோரி ராபின் 2004-இல் இன்னும் ஓர் அடி போனார். வெளிப்பகையைக் காட்டி எல்லோரையும் ஒன்றாக அஞ்சவைக்கும் அச்சம் ஒன்று. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அடக்கிவைக்கும் அச்சம் இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் இரண்டாவதற்குத் திரையாகிறது என்பது அவர் சொல்வது. ஒரே சட்டம் பலருக்கு நிம்மதியையும் சிலருக்கு நடுக்கத்தையும் ஒரே நேரத்தில் தரும் விந்தை இதில்தான் ஓரளவு விளங்குகிறது.

'தற்காலிகம்' என்ற சொல்

இந்த விடைகள் எல்லாம் அச்சம் எப்படித் தொடங்குகிறது என்பதையே பெரிதும் ஆராய்கின்றன. அது எப்படி முடிகிறது என்பதற்குக் கிடைத்த கவனம் குறைவு. ராபர்ட் ஹிக்ஸ் 1987-இல், நெருக்கடியில் வளரும் அரசு அதிகாரம் நெருக்கடி தீர்ந்த பின் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை என்றார். முன்னே சுழலும், பின்னே சுழலாத பற்சக்கரம் அவருடைய உவமை. நம் பகுதியின் சட்ட வரலாறு இந்த உவமையைச் சோதிக்க நல்ல களம்.

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. போர்க்காலத்துக்காக 1915-இல் வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் அதிகாரங்களை விட மனமில்லாத அரசு, நீதிபதி ரௌலட் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1919 மார்ச்சில் புதிய சட்டம் இயற்றியது. அக்குழுவில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரியும் இருந்தார். சட்டத்தை எதிர்த்து நாடு தழுவிய கடையடைப்பு நடத்தும் எண்ணம், சென்னையில் ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்திக்குத் தோன்றியது. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாகில் கூடியிருந்தவர்கள் மீது ராணுவம் சுட்டதில், அரசுக் கணக்கின்படியே 379 பேர் இறந்தார்கள். 1922-இல் சட்டம் நீக்கப்பட்டது.

விடுதலை பெற்ற நாடும் அதே வழியைப் பிடித்ததுதான் மனத்தை உறுத்துவது. 1950-இல் தடுப்புக் காவல் சட்டத்தைக் கொண்டுவந்த சர்தார் படேல், அதற்காக உறக்கமில்லாத இரவுகளைக் கழித்ததாக நாடாளுமன்றத்தில் சொன்னார். அவர் சொன்னதை நம்பாமலிருக்கக் காரணமில்லை. ஓராண்டுக்கு மட்டும் என்று வந்த சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1969 இறுதிவரை நீடித்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாண அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு செல்லும் என்றது.

1962-இல் சீனாவுடன் நடந்த போர் ஒரு மாதம் நீடித்தது. அதற்காக அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரிவரை நீடித்தது. அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினரில் ஏறக்குறைய 3,000 பேர், குழந்தைகள் உட்பட, ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலர் அங்கே நான்காண்டுகளுக்கும் மேல் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த அமெரிக்கா, 1988-இல் சட்டம் இயற்றி மன்னிப்பு கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. தேவ்லியில் இருந்தவர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. நம் பாடநூல்கள் அவர்களை நினைவுகூர்வதும் அரிது.

பிரிவினை அச்சத்தின் கதை தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ளது. 1963-இன் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் பிரிவினைக் கோரிக்கையைக் குறிவைத்தது. அந்த ஆண்டே தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. 1967 மார்ச்சில் தேர்தல் வழியே ஆட்சிக்கும் வந்தது. அந்தத் திருத்தத்தின் தொடர்ச்சியாகப் பேசப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், இன்று எல்லோரும் 'உபா' என்று அழைப்பது, நிறைவேறியது 1967 டிசம்பரில். நாகாலாந்திலும் மிசோரமிலும் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்ததால் தி.மு.க.வை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் தெற்கில் அச்சம் அரசியலாகக் கரைந்த பிறகு சட்டம் வந்தது என்பதை மறுக்கவும் முடியாது.

உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டமான மிசா 1971-இல் வந்தது. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரையிலான நெருக்கடி நிலையில் மிசாவிலும் பாதுகாப்பு விதிகளிலும் சிறைப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று, அக்கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் கணக்கிட்டது. 1978-இல் மிசா நீங்கியது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற தளர்வான காரணத்தால் நெருக்கடி நிலை அறிவிக்க முடியாதபடி அரசியல் சட்டமும் திருத்தப்பட்டது. பற்சக்கரம் பின்னோக்கியும் சுழலும் என்பதற்கு இது வலுவான சான்று. இரண்டே ஆண்டுகளில், 1980-இல், தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்ததையும் உடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான தடா 1985 மே மாதம், வட இந்தியாவில் டிரான்சிஸ்டர் குண்டுகள் வெடித்த சில நாட்களில் பிறந்தது. இரண்டாண்டு ஆயுளோடு வந்து, நீட்டிப்புகளால் பத்தாண்டு வாழ்ந்தது. கைதானவர்கள் 76,000-க்கும் மேல். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. தேசிய மனித உரிமை ஆணையத் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய பிறகே 1995-இல் அது காலாவதியானது. 2002-இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா வந்தது. அதைக் கொண்டுவந்த கூட்டணியில் அங்கம் வகித்த ம.தி.மு.க.வின் தலைவர் வைகோவே, திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே ஆண்டு ஜூலையில் கைதாகி 19 மாதம் சிறையில் இருந்தார். 2004-இல் பொடா நீக்கப்பட்டபோது அதன் முக்கியமான பிரிவுகள் உபாவுக்குள் குடிபெயர்ந்தன. தடாவுக்கும் பொடாவுக்கும் ஆயுள் வரம்பு இருந்தது, உபாவுக்கு இல்லை.

பெரிய அச்சத்துக்காகச் செய்த வார்ப்பில் சின்ன அச்சங்களும் வார்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுச் சட்டம், பேச்சுவழக்கில் 'குண்டாஸ்', சாராயம் காய்ச்சுவோரையும் ரவுடிகளையும் விசாரணையின்றி ஓராண்டு அடைத்துவைக்க வந்தது. பிறகு வனக் குற்றவாளிகளும், 2004-இல் திருட்டு வீடியோ விற்பவர்களும், பின்னாளில் மணல் கடத்துவோரும் இணையக் குற்றவாளிகளும் அதில் சேர்ந்தார்கள். திருட்டு டிவிடிக்கு ஓராண்டு தடுப்புக் காவல் என்பது இங்கே பெரிய விவாதமாக மாறவில்லை. சட்டம் பழகிப்போனால் அச்சமே தேவைப்படாது போலும்.

பிரிட்டனின் கதை வேறுபட்டதல்ல. 1974 நவம்பர் 21 அன்று பர்மிங்காமில் 21 பேர் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். எட்டே நாளில் பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நடப்புக்கு வந்தது. அந்தத் தற்காலிகம் கால் நூற்றாண்டு ஓடி, 2000-இல் நிரந்தரச் சட்டமாக மாறியது. குண்டு வைத்ததாகத் தண்டிக்கப்பட்ட ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று 16 ஆண்டு கழித்து விடுதலையானார்கள். இலங்கை 1979-இல் அதே பெயரில் மூன்றாண்டுக்கென்று சட்டம் இயற்றி, 1982-இல் கால வரம்பை நீக்கியது. 2009-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது, 2011-இல் அவசரகால நிலை நீங்கியது, சட்டம் தங்கியது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அதன் நிழல் முஸ்லிம்கள் மீது விழுந்தது. 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை வெளியிட்ட ஓர் இளம் ஆசிரியர் 2020-இல் இச்சட்டத்தில் கைதாகி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைபட்டு, 2023-இல் நிரபராதியாக வெளிவந்தார். தமிழருக்கு அஞ்சிய நாளில் எழுதிய சட்டம், வேறொரு அச்சத்துக்கு அப்படியே கைகொடுத்தது.

தேர்தலில் அச்சம் பலிக்கிறதா?

நெருக்கடியில் மக்கள் தலைவரைச் சுற்றித் திரள்கிறார்கள் என்று ஜான் முல்லர் 1970-இல் காட்டினார். 2001 செப்டம்பரில் கேலப் கணிப்பில் ஜார்ஜ் புஷ்ஷின் ஆதரவு 51 விழுக்காட்டிலிருந்து 90-க்குப் பாய்ந்தது இதற்கு உச்ச எடுத்துக்காட்டு. ஆனால் ஸ்பெயினில் 2004 மார்ச் 11 அன்று ரயில்களில் 190-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, அரசு ஆதாரமின்றி பாஸ்க் தீவிரவாதிகள் மேல் பழிபோட்டு, மூன்றாம் நாள் தேர்தலில் தோற்றது. 1977-இல் வட இந்தியா நெருக்கடி நிலையைத் தண்டித்தது. தமிழ்நாட்டில் காங்கிரசும் அ.தி.மு.க.வும் இருந்த கூட்டணி 39-இல் 34 தொகுதிகளை வென்றது. நெருக்கடி நிலைக் காலக் கட்டாயக் கருத்தடையின் கொடுமை தெற்கில் அந்த அளவுக்கு இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியென்றால், மக்கள் தண்டித்தது உரிமை இழப்பையா, தங்கள் வீட்டு வாசலுக்கு வந்த அரசையா என்ற சந்தேகம் எழுகிறது.

தீராத கேள்விகள்

கிடைக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், அச்சத்தை முழுக்க முழுக்க இட்டுக்கட்டும் அரசுகள் குறைவு என்றே தோன்றுகிறது. உண்மையான துயரத்தின் மேல் சட்டத்தை எழுதி, துயரம் ஆறிய பின் அதை வைத்துக்கொள்ளும் அரசுகளே மிகுதி. ஹிக்ஸின் பற்சக்கரம் பாதி சரி: சட்டங்கள் நீங்கத்தான் செய்கின்றன, பிரிவுகள் வேறு பெயரில் திரும்புகின்றன.

கால வரம்பு உதவுமா என்பதற்குச் சான்று இரு பக்கமும் உள்ளது. தடாவை அது பத்தாண்டு கழித்தாவது முடித்தது. இலங்கையில் ஒரே திருத்தத்தில் மறைந்தது. நீதிமன்றங்களைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல இயலாது. 1976-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவரில் நால்வர், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கே இடமில்லை என்றார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மறுத்தார். 2003-இல் அதே நீதிமன்றம், வெறும் தார்மிக ஆதரவுப் பேச்சு பொடாவில் குற்றமாகாது என்றது. முதல் தீர்ப்பு அச்சத்தின் உச்சத்தில் வந்தது, இரண்டாவது ஓரளவு தணிந்த பின் வந்தது. இதைக் கொண்டு நீதிமன்றமும் மக்களோடு சேர்ந்தே அஞ்சுகிறது என்று முடிவுகட்ட இரண்டு தீர்ப்புகள் போதா.

ஆய்வாளர்கள் இன்னும் சரியாகத் தொடாத கேள்வி ஒன்று இருக்கிறது. நெருக்கடி தொடங்கியதை அறிவிக்கப் பல அரசியல் சட்டங்களில் ஒரு வழிமுறையும் ஒரு கையெழுத்தும் உண்டு. ஒரு குறிப்பிட்ட அச்சம் தீர்ந்துவிட்டது, அதற்காக எழுதிய பிரிவு இனி வேண்டாம் என்று ஆராய்ந்து சொல்லும் கடமை பெரும்பாலான நாடுகளில் யாருக்கும் தரப்படவில்லை. அந்த வேலையை நாடாளுமன்றக் குழு செய்யுமா, நீதிமன்றம் செய்யுமா, அந்தச் சட்டத்தால் அடைபட்டவர்களின் சாட்சியம் அதில் கேட்கப்படுமா என்பதெல்லாம் இன்னும் போதிய அளவு பேசப்படாத விஷயங்கள். இலங்கையின் 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் அப்படியே அச்சாகி நிற்கின்றன.